துப்பாக்கிக் குழல் மாற்றுவது வீட்டிலா, மிஸ்திரியிடமா?

தலைப்பைப் பார்த்ததும் "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்பீர்கள். வேட்டை, சண்டை என்று எதுவும் நான் எழுதப் போவதில்லை. மெட்ராலஜி பேப்பரில் கோ கேஜ், நோ-கோ கேஜ் என்று மனப்பாடம் செய்கிறோம். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் விடுகிறோம். அதே இரண்டு கேஜை நம்பி, அமெரிக்காவில் சாதாரண ஆள் ஒருவர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து தன் கண்ணையும் முகத்தையும் பணயம் வைக்கிறார். அந்தக் கதைதான் இது.

ஏன் அமெரிக்கா என்றால், இந்தக் கேள்வியே அங்கேதான் எழும். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிக்கவோ, மாற்றவோ, பழுது பார்க்கவோ முடியாது. உதிரி பாகம்கூட ஆயுதக் கணக்கில்தான் சேரும். ஆகவே ஒர்க்‌ஷாப்பில் லேத் சும்மா இருக்கிறதே என்று யாரும் யோசிக்க வேண்டாம். அமெரிக்காவில் 1968-இல் வந்த மத்தியச் சட்டம் வேறு மாதிரி. அங்கே ரிசீவர் என்கிற உடல் பாகம்தான் "துப்பாக்கி". நம்பர் அடித்திருப்பதும் அதில்தான். குழல் வெறும் உதிரி பாகம். தபாலில் வரவழைக்கலாம். வந்த பிறகுதான் பிரச்னை: தானே மாட்டுவதா, கன்ஸ்மித் எனப்படும் துப்பாக்கி மிஸ்திரியிடம் கொடுப்பதா?

முதலில், நல்ல குழலை ஏன் மாற்ற வேண்டும்? தேய்கிறது, அதனால்தான். குண்டு உராய்வதால் தேய்வது கொஞ்சம்தான். அதைவிட மோசம், மருந்து எரிந்து வரும் வாயு. அதன் வெப்பம் இரும்பு உருகும் வெப்பத்தைவிட அதிகம். இருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு என்பதால் குழல் உருகாமல் தப்பிக்கிறது. ஆனாலும் தோட்டாவிலிருந்து குண்டு கிளம்பி, குழலின் சுருள் வெட்டுக்குள் நுழைகிற இடம் (தொண்டை என்றே அதற்குப் பெயர்) கருகி, வெடிப்பு விட்டு, அரித்துப் போகிறது. .308 வின்செஸ்டர் மாதிரி மிதமான தோட்டா என்றால் ஐயாயிரம் முறை வரைகூடக் குறி தவறாமல் தாங்கும். சிறிய துளைக்கு நிறைய மருந்து போடும் சில போட்டித் தோட்டாக்களில் ஆயிரத்துச் சொச்சத்திலேயே தொண்டை போய்விடும். போட்டிக்குப் போகிறவருக்குக் குழல் என்பது லாரிக்காரருக்கு டயர் மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருவோம். என்.சி.சி.யில் .22 ரைஃபிள் பிடித்தவர்களுக்கு போல்ட் தெரியும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். தோட்டா உட்காரும் இடம் சேம்பர். அது குழலின் பின்பக்கத்தில் கடைந்த அறை. தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கி நிற்பது போல்ட்டின் முகம். போல்ட்டின் முகத்திலிருந்து, சேம்பருக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடம் வரை உள்ள தூரத்துக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். .308 தோட்டா முட்டி நிற்பது அதன் தோள்பட்டையில். பழைய .303 தோட்டாவுக்குப் பின்னால் விளிம்பு உண்டு, அது முட்டுவது அந்த விளிம்பில். எதில் முட்டினாலும் பெயர் ஒன்றுதான்.

குழலை மாற்றினால் சேம்பரும் சேர்ந்து மாறுகிறது. அதாவது ஹெட்ஸ்பேஸ் புதிதாகப் பிறக்கிறது. குழல் மாற்றும் வேலையின் உயிர்நாடி இந்த ஒரு அளவுதான். மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலை.

இந்த அளவு குறைந்தால் என்ன? போல்ட் பூட்டாது, ஆபத்து அதிகமில்லை. கூடினால்தான் வினை. ஊசி அடித்ததும் தோட்டா முன்னால் தள்ளப்பட்டு நிற்கும். பின்னால் காலியிடம். மருந்து எரிந்து அழுத்தம் ஏறியதும், பித்தளைக் கூட்டின் மெல்லிய முன்பகுதி சேம்பர் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கனமான அடிப்பகுதி மட்டும் பின்னால் போய் போல்ட்டில் மோதும். நடுவில் இருக்கிற பித்தளை என்ன செய்யும்? டென்சைல் டெஸ்டில் பார்த்திருக்கிறோமே, அதேதான்: இழுபடும், கழுத்து விழும், அளவு மீறினால் அறுந்துவிடும். அறுந்தால் அந்த வாயு முழுவதும் ரிசீவருக்குள் பாய்ந்து, சுடுகிறவர் முகத்தை நோக்கி வரும்.

எவ்வளவு அழுத்தம்? அமெரிக்காவில் இதற்கெல்லாம் அளவு நிர்ணயிப்பது, 1926-இல் உருவான துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் அமைப்பு. அதன் சுருக்கப் பெயர் "சாமி"! (கும்பிட வேண்டியதில்லை, ஆனால் அது சொன்ன அளவை மீறினால் நம்ம சாமிதான் காப்பாற்ற வேண்டும்.) .308-க்கு அது வைத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. தோட்டாவின் அடி விட்டம் 0.470 அங்குலம். பரப்பளவு போட்டுப் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 10,750 பவுண்டு, கிட்டத்தட்ட ஐந்து டன். கூட்டின் உள் விட்டம் இதைவிடக் குறைவு, சுவரைப் பிடித்துக்கொள்வதாலும் கொஞ்சம் குறையும். இருந்தாலும் டன் கணக்குதான்.

இனி கேஜுக்கு வருவோம். .308-இன் கோ கேஜ் 1.630 அங்குலம். நோ-கோ 1.634. கடினப்படுத்தித் தேய்த்த எஃகுத் துண்டுகள், பார்க்கத் தோட்டா மாதிரியே இருக்கும். கோ கேஜை வைத்தால் போல்ட் பூட்ட வேண்டும், நோ-கோவை வைத்தால் பூட்டக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். பழைய துப்பாக்கி இன்னும் தாங்குமா என்று பார்க்க 1.638-இல் ஃபீல்ட் கேஜ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. கோவுக்கும் நோ-கோவுக்கும் நடுவே வெறும் நாலு தௌ, அதாவது ஆயிரத்தில் நாலு அங்குலம். மெட்ரிக்கில் 0.1 மில்லிமீட்டர். நாம் அசைன்மென்ட் எழுதும் வெள்ளைத்தாள் ஒன்றின் கனம்.

இந்த நாலு தௌவுக்குள் யார் கொண்டுவந்து நிறுத்துவது? இங்கேதான் துப்பாக்கியின் டிசைனே பதில் சொல்கிறது. மிஸ்திரியா வீடா என்பதை ஆள் தீர்மானிப்பதற்கு முன்னால் மரையும் தோளும் தீர்மானித்துவிடுகின்றன.

1962-இல் வந்த ரெமிங்டன் 700-ஐ எடுத்துக்கொள்வோம். இதன் குழலில் அங்குலத்துக்கு 16 மரை. மரை முடியும் இடத்தில் ஒரு தோள் இருக்கும். குழலை முறுக்கும்போது அந்தத் தோள், ரீகாயில் லக் என்ற கனத்த வாஷர் மாதிரியான துண்டை நடுவில் வைத்து ரிசீவர் முகத்தில் போய் இறுகும். தோள் முட்டிய பிறகு நகர வழியில்லை. ஆகவே தோளுக்கும் சேம்பருக்கும் நடுவே உள்ள அளவு, அந்த ஒரு ரிசீவருக்கு, அந்த ஒரு போல்ட்டுக்குப் பொருந்துகிற மாதிரி லேத்தில் கடைந்தாக வேண்டும். வேறு துப்பாக்கியின் குழலைக் கழற்றி மாட்டினால் சரியாக வரலாம், வராமலும் போகலாம். மவுசர் 98, வின்செஸ்டர் 70 எல்லாம் முட்டும் இடம் வேறாக இருந்தாலும் இதே ஜாதிதான்.

இந்த வேலையை மிஸ்திரி எப்படிச் செய்கிறார் என்று படித்தபோது நமக்கு லேப் வாத்தியார் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. குழலை மூன்று தாடைச் சக்கில் பிடித்தால் வேலைக்கு ஆகாது. வெளிப்பக்கம் ரவுண்டாக ஓடினால் துளையும் ரவுண்டாக ஓடும் என்று அர்த்தமில்லை. ஆழத் துளையிடும்போது துரப்பணம் கொஞ்சம் விலகத்தான் செய்யும். அதனால் நாலு தாடைச் சக், பின்பக்கம் நாலு ஸ்குரூ வைத்த இன்னொரு பிடி, துளைக்குள்ளே டயல் இண்டிகேட்டர். முள் அசையாமல் நிற்கும்வரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருப்பார். நல்ல மிஸ்திரிகள் அரை தௌவுக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். அதற்குப் பிறகுதான் மரை, தோள், சேம்பர். சேம்பர் ரீமரின் முனையில் பைலட் உண்டு, துளையைப் பிடித்து வழிகாட்ட. கொஞ்சம் கடைவது, வெளியே எடுப்பது, சீவலைத் துடைப்பது, எண்ணெய் ஊற்றுவது, கோ கேஜை வைத்து இன்னும் எத்தனை தௌ பாக்கி என்று அளப்பது. கடைசி சில தௌவில் அவசரப்பட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. தோளையும் பின்முகத்தையும் பின்னுக்குக் கடைந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இதை அங்கே முறையாகவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொலராடோ மாநிலம் டிரினிடாடில் உள்ள கல்லூரியில் 1940-களிலிருந்து துப்பாக்கி மிஸ்திரிப் படிப்பு இருக்கிறது. நம்ம டிப்ளமோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது எதிர்க்கட்சி. 1958-இல் சாவேஜ் கம்பெனி மாடல் 110 என்று ஒரு ரைஃபிளைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் நிக்கோலஸ் பிரூவர். விலை குறைய வேண்டும் என்பதுதான் அவருக்கு நோக்கம். ஒவ்வொரு குழலுக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து தோளைக் கடைந்து பொருத்தினால் விலை எப்படிக் குறையும்? அவர் தோளையே எடுத்துவிட்டார்! குழலில் நீளமாக மரை, அதன்மேல் ஒரு பெரிய நட். குழலை எந்த ஆழத்துக்கு வேண்டுமானாலும் திருகி நிறுத்தலாம், நட்டை இறுக்கினால் அங்கேயே பூட்டிக்கொள்ளும். நம்ம பாஷையில் சொன்னால் செக் நட். சைக்கிள் அச்சில் கோன் டைட் வைக்கிற அதே தத்துவம்.

கேட்கச் சின்ன விஷயம், ஆனால் விளைவைப் பாருங்கள். ஹெட்ஸ்பேஸ் லேத்திலிருந்து கிளம்பி மேஜைக்கு வந்துவிட்டது. சேம்பர் முழுதாகக் கடைந்த குழலை வாங்கி, கோ கேஜை உள்ளே வைத்து, போல்ட்டைப் பூட்டி, குழல் கேஜில் வந்து முட்டும்வரை திருகி, நட்டை இறுக்கினால் அளவு தானாக வந்துவிடுகிறது. டர்னரின் கைப்பழக்கம் செய்ததை ஒரு எஃகுத் துண்டு செய்கிறது.

எவ்வளவு நுணுக்கமாகத் திருக வேண்டும்? சாவேஜில் அங்குலத்துக்கு 20 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு 0.050 அங்குலம், அதாவது 50 தௌ. 360-ஐ 50-ஆல் வகுத்தால் ஒரு தௌவுக்கு 7.2 டிகிரி. நாலு தௌவுக்கு 28.8 டிகிரி. கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை போகிற தூரம். கைக்கு எட்டுகிற அளவுதான். மைக்ரோமீட்டரின் திம்பிளைத் திருப்புகிறவனுக்கு இது புதிதில்லை.

அப்படியானால் வீட்டிலேயே செய்யலாமே என்றால், செய்யலாம். ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். ஆனால் இடறும் இடங்கள் இருக்கின்றன. நட்டை இறுக்கும்போது மரையில் இருக்கிற லூஸ் எடுபட்டு, குழல் ஓரிரு தௌ முன்னால் இழுபடும். முட்ட வைத்து இறுக்கியாச்சு, முடிஞ்சது என்று நினைத்தால் இறுக்கிய பிறகு அளவு மாறியிருக்கும். அதனால் இறுக்கிய பிறகும் இரண்டு கேஜையும் போட்டுப் பார்க்க வேண்டும். சிலர் நோ-கோ கேஜ் வாங்கச் சோம்பல்பட்டு, கோ கேஜின் பின்னால் செலோ டேப் ஒட்டிப் பார்க்கிறார்கள். டேப் நசுங்கும், நசுங்குகிற பொருளை வைத்து ஒரு தௌவை அளக்கிறேன் என்றால் மெட்ராலஜி சார் வகுப்பை விட்டு வெளியே அனுப்பிவிடுவார். இன்னொன்று, போல்ட்டில் ஊசியும் ஸ்பிரிங்கும் இருக்கும்போது கேஜ் முட்டுவது கைக்குத் தெரியாது. கைப்பிடியை வலுவாக அழுத்தினால் நோ-கோவின்மேல்கூட போல்ட் பூட்டிவிடும், ஏனென்றால் போல்ட் பூட்டுவதே ஒரு கேம் அமைப்பு. விரல் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டிய வேலையில் பலத்தைக் காட்டக் கூடாது. ஒரே ஒரு சீவல் கேஜின் பின்னால் ஒட்டியிருந்தாலும் முடிந்தது கதை.

இவ்வளவும் கவனித்தால், வீட்டில் மாட்டிய சாவேஜுக்கும் மிஸ்திரி மாட்டிய சாவேஜுக்கும் ஹெட்ஸ்பேஸில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "அப்போ மிஸ்திரி எதற்கு?" என்று கேட்பவர்களோடு நான் சேரமாட்டேன். கேஜுக்குத் தெரிவது ஒரே ஒரு அளவு. மற்றதெல்லாம் அதற்குக் குருடு.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். 1959-இல் அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பத்திரிகையில் வந்த விவரம் இது. ஒருவர் ஜப்பானிய அரிசாகா 6.5 மில்லிமீட்டர் ரைஃபிள் வாங்கி, சேம்பரை மட்டும் .30-06 தோட்டாவுக்குப் பெரிதாக்கினார். குழலின் துளையைத் தொடவேயில்லை. ரீமரின் பைலட் துளைக்குள் போகவில்லை. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பைலட்டைத் தேய்த்துச் சின்னதாக்கினார்! விளைவு, .308 அங்குலக் குண்டு .264 அங்குலத் துளை வழியாக நசுங்கிப் போனது. 44 தௌ, ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். அவர் மான் வேட்டைக்கும் போய் வந்து, "உதை கொஞ்சம் ஜாஸ்தி" என்று மட்டும் குறை சொன்னாராம். அரிசாகாவின் ரிசீவர் அசாத்திய பலம், அதனால் பிழைத்தார். ஹெட்ஸ்பேஸ் கேஜ் போட்டிருந்தாலும் இது தெரிந்திருக்காது, துளையின் அளவு அதற்குத் தெரியாதே. ஒரு மிஸ்திரி பைலட் நுழையாத அந்த நிமிஷத்திலேயே வேலையை நிறுத்தியிருப்பார்.

இன்னொன்று அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903. முதல் உலகப் போர்க் காலத்தில் சில ரிசீவர்கள் கண்ணாடி மாதிரி நொறுங்கின. விசாரித்தபோது, பட்டறையில் சூட்டைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டது தெரிந்தது. வெயில் அடிக்கும் நாளில் பழுத்த இரும்பின் நிறம் மங்கலாகத் தெரியும், உடனே இன்னும் சூடேற்றுவார்கள். எஃகு கருகிவிடும். ஹீட் ட்ரீட்மென்ட் பாடத்தில் பைரோமீட்டர் ஏன் என்று கேட்டால் இதை எழுதலாம். 1918-இல் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையில் சுமார் 800,000-க்குக் கீழ், ராக் ஐலண்டில் 285,507-க்குக் கீழ் நம்பர் உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்று இன்றும் எச்சரிக்கிறார்கள். அப்படிப்பட்ட ரிசீவரில் புத்தம் புதுக் குழலை மாட்டி, கோ, நோ-கோ இரண்டும் சரியாக இருந்தும் என்ன பிரயோஜனம்? நம்பரைப் பார்த்ததும் "இது வேண்டாம் சார்" என்று திருப்பிக் கொடுப்பதற்கும் சேர்த்துத்தான் மிஸ்திரிக்குக் கூலி.

ராணுவங்கள் இதே பிரச்னையை வேறு வழியில் பார்த்தன. லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிளில் போல்ட்டின் தலை தனியாகக் கழன்று வரும். 0, 1, 2, 3 என்று நம்பர் போட்டு, ஒன்றைவிட ஒன்று சுமார் மூன்று தௌ நீளமாகச் செய்தார்கள். ஹெட்ஸ்பேஸ் கூடிவிட்டதா, குழலைத் தொடாமல் அடுத்த நம்பர் தலையை மாட்டு. நம் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது இதற்கு முந்தைய நம்பர் 1 வகை. அதிலும் தலை கழலும். ஜெர்மனியின் பிளேசர் கம்பெனி 1993-இல் ஆர்93 ரைஃபிளில் போல்ட்டை ரிசீவரில் பூட்டாமல் நேராகக் குழலிலேயே பூட்டிவிட்டது. குழலோடு ஹெட்ஸ்பேஸும் ஃபேக்டரியிலேயே முடிந்துபோகிறது. வாங்கியவர் ஆலன் கீயால் இரண்டு திருகைக் கழற்றிக் குழலை மாற்றிக்கொள்கிறார். இப்போது சி.என்.சி. வந்தபின், சில கம்பெனிகள் ரிசீவரையே தௌ பிசகாமல் செய்வதால், தோள் உள்ள குழலைக்கூட ரெடிமேடாக வாங்கித் திருகிக்கொள்ள முடிகிறது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே ரைஃபிள் குழலே சட்டப்படி கட்டுப்பாட்டுக்குள் வரும். குழல் மாற்றியதை விற்க வேண்டுமானால் லண்டன் அல்லது பர்மிங்காம் புரூஃப் ஹவுஸில் அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும். பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் 1813-இல் இருந்து இருக்கிறது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சோதனை இல்லை. வீட்டில் மாட்டியவருக்கு அவரேதான் இன்ஸ்பெக்டர்.

காசுக் கணக்கும் பார்த்துவிடுவோம். வீட்டில் செய்ய குழல் பிடிக்கும் வைஸ், ரிசீவர் ஸ்பேனர், நட் ஸ்பேனர், இரண்டு கேஜ் வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு குழல் மாற்றுகிறவருக்கு இந்தச் சாமான் செலவு மிஸ்திரி கூலியில் பெரும் பங்கை விழுங்கிவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்றும் போட்டிக்காரருக்குத்தான் லாபம். மிஸ்திரியிடம் உள்ள உண்மையான குறை கூலி அல்ல, காத்திருப்பு. நல்ல மிஸ்திரியிடம் கொடுத்தால் மாதக் கணக்கில் வரிசை. தீபாவளிச் சமயத்து டெய்லர் கடை மாதிரி. ரெமிங்டனோ மவுசரோ வைத்திருந்து லேத்தும் இல்லை என்றால், அந்த வரிசையில் நிற்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை சொல்லத் தோன்றவில்லை.

யார் மாட்டினாலும், கவனமானவர்கள் முதல் தோட்டாவைத் தோளில் வைத்துச் சுடுவதில்லை. துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுப்பார்கள். பிறகு சுட்ட கூட்டை எடுத்து, அடியிலிருந்து கொஞ்சம் மேலே பளபளவென்று வளையம் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, கூட்டுக்குள் விட்டுச் சுவரை வருடிக்கொண்டே மேலே இழுப்பார்கள். பித்தளை உள்ளே இளைத்திருந்தால் அந்த நுனி ஓர் இடத்தில் லேசாகத் தட்டும். தட்டினால் குழல் மறுபடி வைஸுக்குப் போகும்.